கொக்கலையில் ஒரு வீடும் இல்லாமற்போன ஒரு கிராமமும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நூலை விரும்பிப் படித்த வாசகர், அதை எழுதியவர் வாழ்ந்த வீட்டைத் தேடிச் சென்று பார்ப்பதால் அடையும் பயன் என்ன? உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் என் மாணவர்கள் ஒருமுறை இக்கேள்வியைக் கேட்டார்கள். பாரதியை நேசிப்பவர்கள் எட்டயபுரத்துக்குப் போகிறார்கள். உ. வே. சாமிநாதையரை மதிப்பவர்கள் உத்தமதானபுரத்தைக் காண விரும்புகிறார்கள். நம் நாட்டிலே காரைதீவுக்குச் சென்று சுவாமி விபுலானந்தர் பிறந்த மண்ணை மிதித்துவிட்டு வருபவர்கள் உண்டு. எழுத்தாளரின் உள்ளம் நூலில் இருக்கிறது. அப்படியிருக்க, ஓட்டிலும் சுவரிலும் எதைத் தேடுகிறோம்?

நியாயமான கேள்விதான். அதற்கு என்னளவில் ஒரு விடை கிடைத்தது, சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் வீட்டைப் பார்க்க, என் மகளுடன் கொக்கலைக்குப் புகையிரதத்தில் சென்று வந்தபோதே. இன்று அதைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசலாம் என நினைக்கின்றேன்.

மார்ட்டின் விக்கிரமசிங்க 1890 மே 29ஆம் திகதி, காலிக்குத் தெற்கே கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட கொக்கலைக் கிராமத்தில் பிறந்தவர். நவீன சிங்கள நாவலுக்கு அடித்தளமிட்டவர் என்று போற்றப்படுபவர். தினமின பத்திரிகையின் ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ‘கம்பெரலிய’ 1944இலும், ‘யுகாந்தய’ 1949இலும், ‘கலியுகய’ 1957இலும் வெளிவந்தன. கிராமத்து நிலவுடைமைக் குடும்பம் ஒன்று தளர்வதையும், நகரத்து வணிக வர்க்கம் எழுவதையும், அந்த வர்க்கத்தின் பிள்ளைகள் அதையே கேள்வி கேட்பதையும் இம்மூன்று நாவல்களும் தொடர்ச்சியாகக் காட்டுகின்றன. பலர் அவருடைய தலைசிறந்த படைப்பு என்று கருதும் ‘விராகய’ 1956இல் வந்தது. 1976 ஜூலை 23ஆம் திகதி அவர் காலமானார்.

தமிழ் வாசகருக்கு அவர் அந்நியர் அல்லர். இளமையில் கொழும்பிலே ஒரு வணிகரின் கடையில் கணக்கெழுதச் சேர்ந்த அவர், அதே வணிகரின் மட்டக்களப்புக் கிளையிலும் வேலை செய்திருக்கிறார். பின்னாளில் பெரும் நாவலாசிரியராக வரவிருந்த இளைஞர் ஒருவர், நம்மவர் நடுவே கடைக் கணக்குப் புத்தகத்தோடு இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கம்பெரலியவை ‘கிராமப் பிறழ்வு’ என்ற பெயரில் தமிழுக்குத் தந்தவர் பேராசிரியர் எம். எம். உவைஸ் ஆவார். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வுக்காக நாம் நினைவுகூரும் அதே உவைஸ்தான். நான் பல்கலைக்கழக மாணவனாக இருந்தபோது அந்தத் தமிழ்ப் பிரதியைத்தான் படித்தேன்.

என் மகள் வேறொரு வாசலால் அவரிடம் போனாள். அவள் தரம் 9இல் படிக்கிறாள். கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். இரண்டாம் மொழியாகப் பள்ளியில் சிங்களம் கற்றவள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி அதைவிட நன்றாகக் கற்றவள். ‘மடோல் தூவ’ என்ற சிறுவர் நாவலைச் சிங்கள மூலத்திலேயே, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதமாகப் படித்து முடித்தாள். 1947இல் வெளிவந்த அந்நாவலில் உபாலி என்ற குறும்புக்காரச் சிறுவனும், அவன் வீட்டு வேலைக்காரப் பையன் ஜின்னாவும் ஊரைவிட்டு ஓடி, ஏரி நடுவே ஆளில்லாத் தீவொன்றில் குடியேறிப் பயிர் செய்கிறார்கள். படித்து முடித்த அன்று அவள் கேட்ட முதற்கேள்வி, “அப்பா, அந்தத் தீவு உண்மையா இருக்கோ?” என்பதுதான். “அந்த ஏரி இருக்கு பிள்ளை. அதுக்குப் பக்கத்தில அவர் பிறந்த வீடும் இருக்கு” என்றேன். அடுத்த விடுமுறைக்குப் பயணம் நிச்சயமாயிற்று.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை வண்டியில் புறப்பட்டோம். தெற்கு நோக்கிப் போகும் இப்பாதையின் அழகைச் சொல்லத் தேவையில்லை. பல இடங்களில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையே தாழைப் புதரும் நாலு பாறாங்கல்லும் மட்டுமே இருக்கும். பாணந்துறை, களுத்துறை, அளுத்கம, அம்பலாங்கொடை என்று நிலையப் பெயர்களை மூன்று மொழியிலும் வாசித்துக்கொண்டு வந்தாள் மகள். ஹிக்கடுவைக்கு முன்னால் பெரலிய என்னும் இடத்தைக் கடக்கும்போது வண்டியில் இருந்த சிலர் பேச்சை நிறுத்தினர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி, ஆழிப்பேரலை ஒரு புகையிரதத்தையே புரட்டிப்போட்ட இடம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். அந்த வண்டியும் நாங்கள் போன இதே திசையில் போனதுதான். அழகான கரை என்று நாம் சொல்லும் இடங்களுக்கெல்லாம் இன்னொரு கணக்கும் உண்டு என்பதை அந்த மௌனம் நினைவூட்டியது.

காலியில் இறங்கி, மாத்தறைப் பக்கம் போகும் சாதாரண வண்டிக்கு மாறினோம். காலி நிலையம் ஒரு முடிவு நிலையம் போன்றது. அங்கே வரும் வண்டி நேரே தாண்டிப் போக முடியாது. வந்த வழியே பின்னோக்கிப் புறப்பட்டு, பிறகுதான் தெற்குப் பாதைக்குத் திரும்ப வேண்டும். வண்டி நகரத் தொடங்கியதும், “அப்பா, திரும்பிக் கொழும்புக்கே போறமோ?” என்று பதறினாள். எதிரே இருந்த அம்மையார் சிரித்து, சிங்களத்தில் அவளுக்கு விளக்கம் சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கிற்று. மீதியை மகள் மொழிபெயர்த்தாள். அந்தப் பயணம் முழுவதும் அப்படித்தான். அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அன்று எனக்காக அறிவிப்புப் பலகைகளைப் படித்தவள் அவள்.

உனவட்டுனை, ஹபராதுவை, கொக்கலை. சிறிய நிலையம். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் அந்த வீடு.

வீட்டைப்பற்றிச் சொல்வதற்கு முன்னர், நேயர்களே, அந்த ஊரைப்பற்றிச் சொல்லவேண்டும். கொக்கலைக்குப் போகும் ஒருவர் கம்பெரலியவில் வரும் கிராமத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமடைவார். அங்கே அந்தக் கிராமம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940களின் தொடக்கத்தில், பிரித்தானிய வான்படை கொக்கலை ஏரியைக் கடல் விமானத் தளமாக்கிற்று. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டறிந்து எச்சரித்த லெனார்ட் பர்ச்சோல் என்ற கனேடிய விமானி புறப்பட்டது இந்த ஏரியிலிருந்துதான். அந்த வீரக்கதையை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அத்தளத்துக்காக ஊர்மக்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டதையும், அவர்கள் வீடுகள் இடிக்கப்பட்டதையும் அவை அவ்வளவாகச் சொல்வதில்லை. போர் முடிந்த பின்னும் பழைய கிராமம் திரும்பி வரவில்லை. இன்று அங்கே விமான ஓடுபாதை இருக்கிறது. 1990களில் வந்த சுதந்திர வர்த்தக வலயமும் இருக்கிறது. அந்த அழிவிலிருந்து தப்பி நின்றது மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு.

இப்போது சில ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தம் ஊரின் வாழ்வையும் வழக்கங்களையும் விவரித்து அவர் எழுதிய ‘அபே கம’, அதாவது ‘எங்கள் கிராமம்’, 1940இல் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்தக் கிராமம் வெறுமையாக்கப்பட்டது. கம்பெரலிய 1944இல் வெளிவந்தது. அது அச்சாகி வாசகர் கைக்கு வந்தபோது, அதில் வரும் ஊர் மண்ணின்மீது இல்லை. புத்தகத்தில் மட்டும் இருந்தது. நான் மாணவனாக அந்நாவலைப் படித்தபோது இந்த ஆண்டுகள் எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. அந்த வீட்டு விறாந்தையில் நின்று, சுற்றுமுற்றும் அயல்வீடு ஒன்றும் இல்லாததைக் கண்டபோதுதான் அவற்றின் கனம் தெரிந்தது.

வீடு பெரியதன்று. ஓடு வேய்ந்த கூரை, தூண்கள் தாங்கும் விறாந்தை, சிறிய அறைகள். உள்ளே அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் படங்கள், நூல்கள், பொருட்கள். அருகே, மரநிழலில், அவருடைய நினைவிடம். அதே வளவில் 1981இல் திறக்கப்பட்ட நாட்டார் கலை அரும்பொருளகம் இருக்கிறது. கலப்பை, மட்பாண்டம், முகமூடி, பாவை, மாட்டு வண்டி, வள்ளம், மீன்பிடிக் கருவி என்று சாதாரண மக்கள் கையாண்ட பொருட்கள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அரசர்களின் வாளையும் முடியையும் தேடிப் போகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. எழுத்தாளர் ஒருவரின் நினைவாக அவருடைய ஊராரின் உழைப்புக் கருவிகளைச் சேர்த்து வைத்திருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது.

மீன்பிடிப் பகுதியில் மகள் நீண்ட நேரம் நின்றாள். சிங்களப் பெயர்களை வாசித்து வாசித்து, “இதுக்குத் தமிழில என்ன அப்பா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கரைவலை, தூண்டில், பறி, உமல், கடகம் என்று நினைவில் வந்ததையெல்லாம் சொன்னேன். ‘உமல்’ என்ற சொல்லை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். பனையோலையில் இழைத்த, மீன் வாங்கிவரும் பை அது என்று விளக்கினேன். தமிழ் ஆசிரியனின் மகளுக்கு அந்தச் சொல் தெரிவதற்குக் கொக்கலை வரை வரவேண்டியிருந்தது.

அங்கே ஒரு முதியவர் மகளோடு பேச்சுக் கொடுத்தார். நாங்கள் தமிழர் என்று அறிந்ததும், “சொந்த ஊர் எது?” என்று கேட்டார். “அப்பாவின் ஊர் மயிலிட்டி, யாழ்ப்பாணம்” என்றாள் அவள். அவர் தம்முடைய பாட்டியைப்பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் வெளியேறிய குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்றாம். இறக்கும்வரை, இந்த வழியால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பாட்டி யன்னலுக்கு வெளியே கை நீட்டி, எங்கள் கிணறு அங்கேதான் இருந்தது என்பாராம். மகள் இதை எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அதே வார்த்தைகளை அவள் தன் அப்பம்மாவிடம் நூறு தடவை கேட்டிருக்கிறாள்.

நேயர்களே, 1990 ஜூன் மாதத்தில் எனக்குப் பதினொரு வயது. போர்ச் சூழலில், உடுத்த உடுப்போடு மயிலிட்டியை விட்டு வெளியேறிய பல்லாயிரம் பேரில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஒரு கிழமையில் திரும்பலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். வீடு இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. கிணற்றைக் கொண்டுதான் வளவை அடையாளம் கண்டோம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பலாலி விமானத் தளமும், கொக்கலையைப் போலவே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படை அமைத்ததுதான். நாட்டின் இரு முனைகளில், ஒரே போரில் முளைத்த இரண்டு தளங்கள். ஒரு கிராமம் உடனேயே போயிற்று. மற்றது ஐம்பது ஆண்டு பொறுத்துப் போயிற்று.

இந்த ஒற்றுமையைக் கண்டு நெகிழ்வது எளிது. ஆனால் என் மகள் என்னை அங்கே நிற்க விடவில்லை. வளவின் மரநிழலில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது கேட்டாள்:

“அப்பா, இந்த ஊரை இவர் எழுதியிருக்கிறார். எங்கட ஊரை ஆர் எழுதினது?”

நான் பதில் சொல்லுமுன் அடுத்த கேள்வியும் வந்தது.

“அப்பம்மா சொல்லுற மயிலிட்டியில ஒரு நாளும் சண்டையே வாறதில்லை. எல்லாரும் நல்ல ஆக்கள். எப்பவும் நல்ல மீன். அது உண்மையோ அப்பா?”

அந்த இரண்டாவது கேள்விதான் இலக்கியக் கேள்வி என்று நான் நினைக்கின்றேன்.

கம்பெரலியவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவே நிற்பது ‘மகாகெதர’ என்னும் பெரிய வீடு. அவ்வீட்டு மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வருகிறான் பியல் என்ற இளைஞன். இருவர் மனமும் ஒன்றுபடுகின்றன. ஆனால் அவனுடைய குடும்பத் தகுதி போதாது என்று பெரிய வீடு கதவைச் சாத்துகிறது. தகுதியுள்ள குடும்பத்து ஜினதாசவுக்கு அவளை மணம் முடித்துக் கொடுக்கிறார்கள். ஜினதாச நொடித்துப்போய்ப் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போகிறான். கொழும்புக்குப் போன பியல் வணிகத்தில் உயர்கிறான். பெரிய வீட்டின் ஓடுகள் ஒவ்வொன்றாய் உதிர, அவ்வீட்டார் பழைய கௌரவத்தை மட்டும் விடாமற் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் நந்தாவை மணப்பவன் பியல்தான். 1963இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இதைத் திரைப்படமாக்கி, 1965இல் புதுடில்லி விழாவில் தங்க மயில் விருதையும் பெற்றார்.

தம் ஊரை அந்நியப் படை வெறுமையாக்கிய நாட்களில் ஓர் எழுத்தாளர் எதை எழுதியிருக்கலாம்? எங்கள் ஊர் பொன்னாய் இருந்தது, பகைவர் வந்து அழித்தனர் என்று எழுதியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் அப்படி எழுதவில்லை. விமானம் வருவதற்கு நெடுநாள் முன்னரே அந்த ஊர் உள்ளிருந்து எப்படி உளுத்துக்கொண்டிருந்தது என்பதை எழுதினார். யார் உள்ளே அமர்ந்தார்கள், யார் வாசலில் நிறுத்தப்பட்டார்கள் என்பதை எழுதினார். பெரிய வீட்டுப் பெண்களின் அன்பையும் எழுதினார்; அதே அன்பு வீண் கௌரவத்தின் முன் தலைகுனிவதையும் எழுதினார். அதனாலேதான் எண்பது ஆண்டுக்குப் பிறகும் அந்த ஊர் உயிரோடிருக்கிறது. குறையில்லாத ஊரை யாரும் நம்புவதில்லை. நம்பாத ஊரை யாரும் நினைவில் வைத்திருப்பதுமில்லை.

இந்த அளவுகோலை நம்மீது வைத்துப் பார்க்கவேண்டும். கடந்த நாற்பது ஆண்டுகளில் இழந்த ஊர்களைப்பற்றி நம்மவர் எழுதியவை ஏராளம். அவற்றுட் சில அரியவை. ஆனால் பலவற்றில் ஊர் என்பது வேப்பமரமும் கோயில் மணியும் கிணற்றுத் தண்ணீரும் மட்டுமே. அந்தக் கோயிலுக்குள் யார் போகமுடிந்தது, அந்தக் கிணற்றில் யார் அள்ளமுடிந்தது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. 1972இல் வெளிவந்த ‘பஞ்சமர்’ நாவலில் கே. டானியல் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதனால் அவர்மீது கோபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அன்றைய யாழ்ப்பாணக் கிராமம் எப்படி இருந்தது என்று நாளை ஒருவர் அறிய விரும்பினால், அவர் டானியலிடம்தான் போகவேண்டும். நமது ஏக்கப் பாடல்களிடம் அல்ல.

மகளுக்கு நான் என்ன சொன்னேன்? அப்பம்மா பொய் சொல்லவில்லை, இழந்தவர் நினைவு அப்படித்தான் இருக்கும் என்றேன். பிறகு, அம்மா சொல்லாத சிலவற்றைச் சொன்னேன். எல்லை வேலிக்காகப் பத்து வருடம் பேசாதிருந்த இரண்டு வீடுகளைப்பற்றிச் சொன்னேன். எங்கள் வீட்டு விறாந்தையில் ஏறாமல் முற்றத்தில் நின்றே தண்ணீர் வாங்கிக் குடித்த ஒருவரைப்பற்றியும் சொன்னேன். அவருக்கென்று தனியாக ஒரு சிரட்டை வேலியில் செருகியிருந்தது. அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “அவற்ற பேர் என்ன அப்பா?” என்றாள். பெயர் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லி அழைத்த நினைவும் இல்லை.

மாலை வண்டியில் திரும்பும்போது அவள் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தாள். நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, அப்பம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, “அந்தச் சிரட்டை ஆருக்கு அப்பம்மா?” என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. நெடுநேரம் பதிலில்லை. பிறகு அம்மா ஒரு பெயரைச் சொன்னார். அவருடைய மனைவி பிள்ளைகளின் பெயர்களையும் சொன்னார். எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

என் மாணவர்களின் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். எழுத்தாளரின் வீட்டைப் பார்ப்பதால் அவருடைய நூல் கூடுதலாக விளங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், எதற்கு நடுவே இருந்துகொண்டு எதை எழுதினார் என்பது விளங்கும். அவருக்கு எழுதுவதற்கு என்னென்ன இருந்தன, அவற்றுள் எதைத் தெரிந்தெடுத்தார் என்பது விளங்கும். அதைக் கண்டபின், நாம் எதைத் தெரிந்தெடுக்கிறோம் என்ற கேள்வியிலிருந்து தப்பமுடியாது.

நேயர்களே, உங்கள் வீடுகளிலும் ஓர் அப்பம்மாவோ அம்மம்மாவோ தாத்தாவோ இருப்பார். பிள்ளைகளை அவர்களருகே இருத்துங்கள். ஊரின் பெருமையைக் கேட்கச் சொல்லுங்கள். அதோடு, முற்றத்தில் நின்றவர் யார் என்றும் கேட்கச் சொல்லுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்கவேண்டும். கொக்கலை தன் கிராமத்தை இழந்தது. ஆனால் அதை முழுமையாக எழுதிவைத்த ஒரு மகன் அதற்கு இருந்தான். மயிலிட்டிக்கும் அப்படி ஒரு மகனோ மகளோ வாய்க்கட்டும்.